'வடக்கன் வந்துட்டான்' ஃபார்வேர்டுகள்: நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்குது?

"இன்னும் பத்து வருஷத்துல தமிழ்நாட்டுல தமிழனைத் தேடணும்."

"நம்ம பசங்க வேலையெல்லாம் அவனுங்களுக்குப் போயிடுச்சு."

"இங்கேயே ஓட்டும் வாங்கிட்டானுங்க. அடுத்த முதலமைச்சர் யாருன்னு அவனுங்கதான் முடிவு பண்ணுவானுங்க."

இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கும். அனுப்புவது முகம் தெரியாத ஆள் இல்லை. சின்ன வயதில் தோளில் தூக்கிப்போய்க் கடல் காட்டிய மாமா, காலேஜ் ஃபீஸ் கட்டப் பணம் கொடுத்த சித்தப்பா, கூடவே படித்த நண்பன். அதனால்தான் பதில் சொல்ல முடியாமல் மியூட் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எனக்குச் சொந்த ஊர் தேவிபட்டினம். நவபாஷாணம் இருக்கிற, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். எங்கள் பக்கத்துக் குரூப்களில் 'வடக்கன்' மீம் போடுகிறவர்களில் பலர் அதை துபாயிலோ, சிங்கப்பூரிலோ, பெங்களூரிலோ உட்கார்ந்துதான் போடுகிறார்கள். அந்த ஊர்களில் அவர்களும் 'வெளியில் இருந்து வந்தவர்கள்'.

அப்படியென்றால் அந்த ஃபார்வேர்டுகளில் சொல்வது எல்லாமே பொய்யா? இல்லை, உண்மையும் கலந்திருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள்?

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இருந்துதான் அதிகம் வருகிறார்கள். தமிழ்நாடு தொழிலாளர் துறைக்காக 2015 வாக்கில் எடுக்கப்பட்ட ஆய்வு, அப்போதே இங்கு சுமார் 10 லட்சம் புலம்பெயர் தொழிலாளர்கள் இருப்பதாகக் கணக்கிட்டது.

இதற்குக் காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அங்கே கூலி குறைவு, வேலையும் இல்லை. இங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3. பிறக்கும் பிள்ளைகளும் இங்கே அதிகம் படிக்கிறார்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%, இந்தியச் சராசரி 28.4%. டிகிரி முடித்த பையனைச் சித்தாள் வேலைக்கோ, ஹோட்டலில் பாத்திரம் கழுவவோ எந்த அம்மாவும் அனுப்புவதில்லை. அந்த இடம் காலியானது. அங்கேதான் அவர்கள் வந்தார்கள்.

'நம்ம வேலையைப் பறிக்கிறாங்க' என்பது உண்மையா?

இதைச் சொன்னதுமே 'உனக்கென்ன, ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்க' என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கொத்தனார் வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரருக்கு, குறைந்த கூலிக்கு அதிக நேரம் வேலை செய்ய ஒருவர் கிடைத்துவிட்டால் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது.

ஆனால் அந்தக் கூலியைக் குறைத்தது யார்? காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை வாங்கி, ஒரே ரூமில் பத்து பேரைப் படுக்க வைத்து, ஊருக்குப் போகக் கேட்டால் சம்பளத்தைப் பிடித்து வைக்கிற கான்ட்ராக்டர் பெரும்பாலும் நம் ஊர் ஆள்தான்.

இதைத் தடுக்க 1979-லேயே மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆள் கூட்டி வரும் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் அதே கூலியைத் தர வேண்டும் என்று அது சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இப்போது அது அடங்கிவிட்டது. 'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்பதை உண்மையிலேயே அமல்படுத்தினால், மலிவுக்காக வெளியாளை எடுக்க முதலாளிக்குக் காரணமே இருக்காது. அதனால் உள்ளூர்த் தொழிலாளிக்கும் பாதுகாப்பு, வந்தவருக்கும் பாதுகாப்பு. குரூப்பில் இதைப் பற்றி ஒரு ஃபார்வேர்டும் வருவதில்லை.

ஓட்டு விஷயம்?

2025 ஆகஸ்ட்டில், பீகாரில் இருந்து வந்த 6.5 லட்சம் பேர் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள் என்று ஒரு தகவல் பரவியது. மூத்த அரசியல்வாதிகளே அதை எடுத்துப் பேசினார்கள். தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தமே அப்போது தொடங்கவில்லை என்று சொல்லித் தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. மறுப்பு எத்தனை குரூப்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் 'வழக்கமாக வசிக்கும்' இடத்தில் வாக்காளராகலாம். ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. பட்டியலில் போலிப் பெயர் இருந்தால் ஆட்சேபிக்க அந்தத் தொகுதி வாக்காளர் யாருக்கும் உரிமை உண்டு. சென்னையில் பத்து வருடமாகக் குடியிருக்கும் நமக்கு அங்கே ஓட்டு இருப்பதும், பெங்களூரில் வீடு வாங்கிய அண்ணனுக்கு அங்கே ஓட்டு இருப்பதும் இதே விதிப்படிதான். இந்தியாவில் எங்கும் போகவும், குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை தந்திருக்கிறது.

ஒரு வீடியோ என்ன செய்யும்?

2023 ஜனவரிக் கடைசியில் திருப்பூர் வீடியோ ஒன்று வைரலானது. 'வட மாநிலத்தவர் தமிழர்களை விரட்டி அடிக்கிறார்கள்' என்ற தலைப்போடு எல்லாக் குரூப்களிலும் சுற்றியது. ஒரு சின்னத் தகராறுதான் அப்படிப் பெரிதாக்கப்பட்டிருந்தது.

சில வாரங்களிலேயே கதை தலைகீழானது. மார்ச் தொடக்கத்தில், 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள்' என்று வேறு வீடியோக்கள் இந்தியில் பரவின. அவை பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு அறிவித்தார். ஒரு வீடியோவில் அடித்துக்கொண்டவர்கள் இரண்டு தரப்புமே வெளிமாநிலத் தொழிலாளர்கள், இன்னொன்றில் இரண்டு தரப்புமே உள்ளூர்க்காரர்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. இரண்டு மாநில முதல்வர்களும் பேசிக்கொண்டார்கள். அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

கவனித்தால், இங்கே ஓடிய வீடியோவும் அங்கே ஓடிய வீடியோவும் சொன்ன செய்தி ஒன்றுதான்: 'அவனுங்க நம்மளை அடிக்கிறானுங்க.' அனுப்பியவர்கள் எல்லாருமே தங்கள் ஆட்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அனுப்பினார்கள்.

இந்தக் கடற்கரைக்கு இது ஏன் பழைய கதை?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19-ம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் போனார்கள். ராமநாதபுரம் கரையில் இருந்து தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காடு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகக் கப்பலில் போனார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பும் முகாம் மண்டபத்தில் இருந்தது. முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டி ஆள் கூட்டிப்போன கங்காணியும் நம் ஊர்க்காரரேதான். இன்றைய லேபர் கான்ட்ராக்டருக்கு அவர் தாத்தா மாதிரி.

அங்கே என்ன நடந்தது? 1928-ல் டொனமூர் ஆணையம் எல்லாருக்கும் வாக்குரிமை தரலாம் என்றபோது, தோட்டத் தமிழர்களுக்கு ஓட்டு கொடுத்தால் தங்கள் தொகுதிகள் பறிபோய்விடும் என்று கண்டிச் சிங்களத் தலைவர்கள் எதிர்த்தார்கள். 1939-ல் அரசுத் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நீக்க இலங்கை அரசு முடிவெடுத்தது. பேச்சுவார்த்தைக்கு நேருவே கொழும்பு போனார், பலன் இல்லை. சுதந்திரம் வந்ததும் 1948 குடியுரிமைச் சட்டம். 7 லட்சத்துக்கும் அதிகமான மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களுக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதிகள் இருந்தார்கள். 1952-ல் ஒருவர்கூட இல்லை.

வேலை, ஓட்டு, எண்ணிக்கை. நம் குரூப்பில் வரும் அதே மூன்று பயம். அப்போது அந்தப் பேச்சின் மறுபக்கத்தில் இருந்தது நம் ஆட்கள்.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், சுமார் 9.75 லட்சம் பேரைப் பங்கு பிரித்தது. 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம். அப்படித் திரும்பி வந்தவர்களில் பலர் பிறந்ததே இலங்கையில்தான். அங்கே அவர்களைத் திட்டிய சொல் 'கள்ளத்தோணி'. இங்கே நீலகிரிக்குப் போனதும் கிடைத்த பெயர் 'சிலோன்காரன்'.

இதே மண்டபம்தான் 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஆனது. 2022 பொருளாதார நெருக்கடியின்போதும் தனுஷ்கோடி மணல்திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களை அங்கேதான் தங்க வைத்தார்கள். 'இவங்க வந்தா நம்ம சோறு குறையும்' என்று அப்போது நம் குரூப்களில் யாரும் எழுதவில்லை. வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாத கரை இல்லை இது.

'அவங்க தமிழங்க, இவங்க அப்படியா?'

குடும்பத்தில் அடுத்து வரும் கேள்வி இதுதான். நம்மை ஏற்றுக்கொள்ளும் ஊர்களும் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும்.

1966-ல் மும்பையில் தொடங்கிய சிவசேனா முதலில் குறிவைத்தது அங்கே வேலை பார்த்த தென்னிந்தியர்களை. கேலிக்கு உள்ளானது நம் லுங்கி. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்த மசோதா, தனியார் நிறுவனங்களின் வேலைகளில் பாதிக்கும் மேல் உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கச் சொன்னது. நிறுவனங்கள் எதிர்த்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று பெங்களூர் ஐடி நண்பர்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தபோது, நாம் அதற்கு 'இனவெறி' என்று பெயர் வைத்தோம். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து, தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேர் உட்பட 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தபோது, 'ஒரே கட்டடத்துல இத்தனை பேரையா அடைச்சு வைப்பாங்க' என்று கண்கலங்கியதும் இதே குரூப்கள்தான்.

ராமேசுவரம் பக்கம் வந்து பாருங்கள். தீர்த்தமாட வரும் வட இந்தியர்களை 'வாங்க ஜி' என்று இந்தியிலேயே கூப்பிடுகிறோம், கடைப் பலகையையும் இந்தியில் எழுதுகிறோம். அதே ஊரில் லாட்ஜ் கட்ட வந்தவர் மட்டும் 'வடக்கன்'. அப்படியானால் நமக்குப் பிரச்சினை மொழியா, அவர் பையில் பணம் இல்லாததா?

சரி, வீட்டில் எப்படிப் பேசுவது?

*குரூப்பில் சண்டை வேண்டாம்.* எல்லார் முன்னாலும் 'இது ஃபேக்' என்று சொன்னால் மாமாவுக்குத் தன் மரியாதைதான் முக்கியமாகத் தெரியும். தனியாக ஒரு போன் போடுங்கள்.

*முதலில் பயத்தைக் கேளுங்கள்.* 'தம்பிக்கு வேலை கிடைக்கலையா மாமா?' என்று கேட்டால், பல நேரம் உண்மையான பிரச்சினை வெளியே வரும். அது பெரும்பாலும் சம்பளம், கடன், தேர்வாணைய ரிசல்ட். அதற்குப் பீகார்க்காரர் காரணம் இல்லை.

*வீடியோ வந்தால் மூன்று கேள்வி:* எந்த ஊர், எந்தத் தேதி, காவல்துறை என்ன சொன்னது? பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.

*கோரிக்கையை மாற்றிப் பேசுங்கள்.* 'அவனை அனுப்பு' என்பதற்குப் பதில் 'அவனுக்கும் சட்டப்படி கூலி கொடு' என்று கேட்டால் உள்ளூர்த் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் லாபம்.

*வீட்டுக் கதையைக் கேளுங்கள்.* இந்தக் கடற்கரையில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, ஜித்தா போன ஆள் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. 'தாத்தா அங்க போனப்ப அவங்க என்ன சொன்னாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையை நம்மைவிட நன்றாகச் சொல்லப் போவது அந்த மாமாவேதான்.

இவ்வளவு செய்தும் மாமா மாறாமல் போகலாம். ஆனால் 1948-ல் இலங்கையில் சட்டம் வருவதற்கு முன்னால் இருபது வருடம் வெறும் பேச்சாகத்தான் இருந்தது. அது பேச்சாக இருக்கும்போதே மறுத்துப் பேசுவது சுலபம். சட்டமான பிறகு அதைச் சரிசெய்ய, இலங்கையில் கடைசியாக மிஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல் வரும்வரை, 55 வருடம் ஆனது.