இறங்குமுகம்



காலாண்டுத் தேர்வில் 90 மதிப்பெண் பெற்ற மாணவன் அரையாண்டுத் தேர்வில் 70 பெறுகின்றான். "செருக்குத் தலைக்கேறிவிட்டது" என்பர் வீட்டார். "புகழ்ந்ததால் கெட்டான்" என்பார் ஆசிரியர். என் பள்ளிப் பணியில் இவ்விரு தீர்ப்புகளையும் நான் எண்ணற்ற முறை கேட்டிருக்கின்றேன். இவை சரிதாமா என ஆராய்வோம்.

1886-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர், பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்க்குமிடத்து, அவர்களினும் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தனர். இதுவே சராசரியை நோக்கித் திரும்பும் இயல்பு.

தேர்விலும் இவ்வியல்பு உண்டு. மதிப்பெண்ணில் திறமையும் உண்டு. படித்த வினாவே வந்து வாய்த்த நற்பேறும் உண்டு. திறமை நிற்கும், நற்பேறு ஒவ்வொரு முறையும் வாராது. ஆதலால், உச்சிக்குப் பின் இறக்கமும், பெரும் வீழ்ச்சிக்குப் பின் ஏற்றமும் பெரும்பாலும் தாமே நிகழ்கின்றன.

இதனை அறியாமையால் விளையும் கேடு பெரிது. டேனியல் கானேமன் என்னும் உளநூல் அறிஞர் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்தினார். புகழ்ந்தால் மாணவன் அடுத்த முறை மோசமாகவும், கடிந்தால் நன்றாகவும் பறக்கின்றான் என்றார் ஒரு பயிற்சியாளர். ஆனால் அம்மாற்றம் புகழாலோ கடுமையாலோ விளைந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை, மேற்கூறிய இயல்பே போதும் என உணர்ந்தார் கானேமன். பிரம்பே சிறந்த ஆசான் என்னும் நம்பிக்கை இத்தகைய தவறான கணக்கினால் வலுப்பெறுகின்றது.

அங்ஙனமாயின் எல்லா இறக்கமும் தானே நீங்கிவிடுமா? நீங்காது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இடறினால், அங்கே குறை ஒன்று இருக்கின்றது.

2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் சச்சின் டெண்டுல்கர், முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஐந்து முறை மட்டை பிடித்து 82 ஓட்டங்களே எடுத்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்தை ஓங்கி அடிக்க முயல்வது அவருக்கு ஆபத்தாயிற்று. 2004 ஜனவரியில் சிட்னியில் அவர் தமக்கு மிகவும் பிடித்த கவர் டிரைவை ஏறக்குறைய முற்றிலும் விலக்கினார். பத்து மணி நேரத்திற்கு மேல் நின்று, ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் குவித்தார். அவர் தம் ஆட்டம் முழுவதையும் மாற்றவில்லை. ஓர் அடியை மட்டுமே அடக்கினார் என்பதைக் கருதுங்கள்.

எனவே, ஒரு தேர்வைக் கொண்டு உங்களை நீங்களே எடைபோட வேண்டா. நான்கைந்து தேர்வுகளின் விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பிழைகள் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தால், வழக்கம்போல் உழைத்து வாருங்கள். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அதனை மட்டும் திருத்துங்கள். கணக்கில் கூட்டல் பிழை செய்த மாணவன் கணிதத்தையே கைவிடுதல், ஓர் ஓடு உடைந்ததற்காக வீட்டை இடிப்பதை ஒக்கும்.