சமுதாயக் கல்லூரியில் சேர்க்கும் முன்...



பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்கும் காரணமே மாறிவிடும். ஆட்டுக்குட்டி, உரம், வைத்தியச் செலவு என்று கேட்டவர்கள் "பிள்ளை படிப்புக்கு" என்பார்கள். ஒரு குழுக் கூட்டத்தில் அப்படித்தான் ஓர் அக்கா 15,000 ரூபாய் கேட்டார். "பொண்ணுக்குப் பத்தாவதுல கணக்கு போயிடுச்சும்மா. டவுன்ல ஒரு சமுதாயக் கல்லூரியில ஒரு வருஷ நர்சிங் கோர்ஸ் இருக்காம். முடிச்சா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வேலைன்னு சொல்றாங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ணும் அந்த மாதிரிதான் படிச்சா. கவர்மென்ட் வேலைக்கு அந்த சர்ட்டிபிகேட் செல்லாதுன்னுட்டாங்க. இப்ப ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. வாங்குன கடன் இன்னும் ஆறு தவணை பாக்கி."

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் படித்தது வீண் இல்லை. அவள் இன்று வேலைக்குப் போகிறாள். ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முன்னாலேயே தெரியாமல் போனதுதான் தவறு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியது இந்த முறை. நம் பக்கத்தில் 1995இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பிறகு பல ஊர்களில் தொண்டு நிறுவனங்களும் கல்லூரிகளும் தொடங்கின. 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றில் பலவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சில கல்லூரிகளில் இதற்கு நிதி கொடுத்தது.

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பத்தாவதில் தவறியவர்கள், வசதி இல்லாதவர்கள், கல்யாணமாகி வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஒரு கைத்தொழிலும் தைரியமும் கொடுத்து வேலைக்கு அனுப்புவதுதான் இதன் நோக்கம். பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு. அதில் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்:

1. வாழ்க்கைத் திறன் – பேசுவது, பழகுவது, கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கம்ப்யூட்டர்.
2. தொழில் திறன் – தையல், கேட்டரிங், நோயாளி பராமரிப்பு, ஏ.சி. மெக்கானிக், பாலர் பள்ளி ஆசிரியை என்று ஏதாவது ஒன்று.
3. வேலை செய்யும் இடத்திலேயே நேரடிப் பயிற்சி.
4. வேலைக்குத் தயார் செய்தல், தேர்வு.

மூன்றாவது பகுதிதான் முக்கியம். நேரடிப் பயிற்சி இல்லாத சமுதாயக் கல்லூரி, அடுப்பு இல்லாத சமையலறை மாதிரி.

எது கிடைக்காது?

இதை மூன்று முறை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.

* நர்ஸ் ஆக முடியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பதிவு பெற, பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். (மூன்று வருஷம்) அல்லது பி.எஸ்சி. நர்சிங் (நான்கு வருஷம்) படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். கிராமச் செவிலியர் வேலைக்கும் ஏ.என்.எம். என்று தனிப் படிப்பு உண்டு. ஒரு வருஷ டிப்ளமோ படித்தவர் நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் பெயரைச் சரியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

* அது பிளஸ் டூவுக்குச் சமம் ஆகாது. பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு அந்தப் பட்டத்தை ஏற்பது என்று 2009இல் தமிழக அரசு ஆணை போட்டது. அதனால் பத்தாவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தவறிய பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். அதை விட்டாலும் தனித்தேர்வராக எழுதலாம். சமுதாயக் கல்லூரிக்குப் போய்க்கொண்டே இதையும் எழுதலாம்.

* வேலை "உறுதி" என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்கு அனுப்ப முயற்சி எடுப்போம் என்றுதான் நேர்மையான கல்லூரி சொல்லும்.

கல்லூரியில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. சர்ட்டிபிகேட் யார் கொடுப்பது? எந்தப் பல்கலைக்கழகம்? மாதிரி சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மேலே யார் பெயர் இருக்கிறது, கீழே யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

2. அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "முன்னாடி இருந்தது, இப்ப புதுப்பிக்கப் போட்டிருக்கோம்" என்றால் பொறுத்திருங்கள். இக்னோ என்ற மத்திய அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டமே சில வருஷங்களில் நின்றுபோனது. பெரிய இடத்துக்கே அந்த நிலைமை என்றால், நாம் கேட்பதில் தப்பே இல்லை.

3. மொத்தக் கட்டணம் எவ்வளவு? சேர்க்கைக் கட்டணத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். தேர்வுக் கட்டணம், யூனிபார்ம், புத்தகம், பயிற்சிக்குப் போகும் பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

4. நேரடிப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? இடத்தின் பெயரைக் கேளுங்கள். முடிந்தால் அங்கேயே போய் விசாரியுங்கள்.

5. போன வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே? நான்கு பேரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல கல்லூரி சந்தோஷமாக ஏற்பாடு செய்யும்.

6. வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்? நம் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பெண் பிள்ளைகள் படிப்பை நடுவில் நிறுத்துவதற்குப் பல நேரம் பஸ்தான் காரணம்.

7. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள். நகல் மட்டும் கொடுங்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவித்திருக்கிறது.

கடன் கணக்கு

15,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை என்று வைத்துக்கொள்வோம். அசல் 750, வட்டி 150. முதல் மாதமே 900 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்க ஒரு வருஷம் ஆகும். அதுவரை அந்தத் தவணை உங்கள் கூலியிலிருந்துதான் போகும். பிறகு மாதம் 6,000 ரூபாய் சம்பளம் கிடைத்தாலும், பஸ்ஸுக்கு 1,200, சாப்பாட்டுக்கு 800 போனால் கையில் நிற்பது 4,000. கணக்குப் போட்ட பிறகும் சரி என்று பட்டால் தைரியமாகக் கடன் வாங்குங்கள்.

வேறு வழிகளையும் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளுக்கு எட்டாவது முடித்தாலே சேரலாம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தையல், அழகுக்கலை, ஆடு மாடு வளர்ப்பு என்று குறுகிய காலப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். இதில் பிள்ளைகள் மட்டுமல்ல, நீங்களே சேரலாம்.

யாருக்கு இது நல்லது?

"வீட்டில் சும்மா இருக்கிறாளே, ஏதாவது ஒன்றில் சேர்ப்போம்" என்று சேர்த்தால் பிள்ளை நிலைக்க மாட்டாள். அவளுக்கு எதில் விருப்பம் என்று முதலில் அவளிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பத்தாவதில் இரண்டு முறை தவறியவள். ஊரில் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். சமையலில் ஆசை என்று கேட்டரிங் சேர்ந்தாள். பயிற்சிக்குப் போன இடத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்தை அவள்தான் கட்டுகிறாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரி ஒரு நல்ல வாசல்.

முதலில் சொன்ன அக்காவின் குழு அன்றே ஒரு தீர்மானம் போட்டது. படிப்புக்குக் கடன் கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன் குழுவிலிருந்து இருவர் கூடப் போய் அந்தக் கல்லூரியைப் பார்த்து வர வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். இருவர் போனார்கள். "கவர்மென்ட் வேலைக்குச் செல்லுமா?" என்று நேராகவே கேட்டார்கள். சரியான பதில் வரவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். அந்தப் பெண் துணைத் தேர்வில் கணக்கை எழுதி 41 மார்க் வாங்கிப் பாஸ் செய்தாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். ஜி.என்.எம். படிக்க வேண்டும் என்கிறாள்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்:

* நம் ஊரில் பள்ளியை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?
* நம் குழுவும் அப்படி ஒரு தீர்மானம் போடலாமா?
* கல்லூரிக்குக் கூடப் போக யார் தயார்?

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, சகோதரிகளே. பணம் நம்முடையது, பிள்ளையும் நம்முடையது. கேட்டுவிட்டுச் சேர்ப்போம்.

– கள ஒருங்கிணைப்பாளர்