காப்பி பிறந்த நாட்டிற்குச் செல்வோர்க்குச் சில குறிப்புகள்

வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவன இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூருமே. ஆப்பிரிக்கா என்று சொன்னாலோ, “அங்கே என்ன இருக்கிறது? காடும் காய்ச்சலும்தானே!” என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். ஆயினும், அக்கண்டத்தின் கீழ்க்கோடியில் உயர்ந்த மலைநாடாக விளங்கும் எத்தியோப்பியாவிற்கும் நமக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. முன்னாளில் அபிசீனியா என வழங்கிய நாடு அதுவே. 1950, 1960 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் இந்திய ஆசிரியர் பலர் அந்நாட்டுப் பள்ளிகளில் பாடஞ் சொல்லிக் கொடுத்தனர். இன்றும் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் தமிழர் சிலர் பேராசிரியராகப் பணிபுரிகின்றனர். அன்னவருள் ஒருவர் எம் அத்தை மகன். அவரைக் கண்டு வருவதற்காக அத்தையை உடன் அழைத்துக்கொண்டு நாம் சென்று வந்தோம். சுற்றுலாக் குழு எதிலும் சேராது தாமே சென்று வர விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி, அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

முதற்கண் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கிருந்து திரும்பி வருவோரிடம் நம் நாட்டு விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள். சான்று இல்லாதவரை 6 நாள் வரையில் தனிமைப்படுத்தி வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஊசி போட்டுக்கொண்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். ஆகவே, புறப்படுமுன் ஒரு திங்கள் இருக்கும்போதே இதனை முடித்துவிடுதல் நன்று. 2016-ஆம் ஆண்டு முதல் ஒருமுறை போட்ட ஊசியே வாழ்நாள் முழுமைக்கும் போதும் என ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இவ்வூசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட இயலாது. அரசு ஒப்புதல் பெற்ற நடுவங்களில் மட்டுமே போடுவர். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று.

அறுபது வயதைக் கடந்தவர் முதன்முறையாக இவ்வூசியைப் போட்டுக்கொள்வதில் சற்றுக் கூடுதலான இடர் உண்டு. கருவுற்ற மகளிரும் முட்டை ஒவ்வாதவரும் 9 திங்கள் நிரம்பாத குழந்தைகளும் பொதுவாக இதனைத் தவிர்க்க வேண்டியவர். அத்தைக்கு வயது 63. மருத்துவர் தீர ஆராய்ந்து ஒப்புதல் அளித்த பின்னரே நாம் பயணச்சீட்டு வாங்கினோம். முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் இம்முறைமையை மாற்றலாகாது.

நுழைவு இசைவை இணையத்தின் வழியே அந்நாட்டு அரசிடம் நேரே விண்ணப்பித்துப் பெறலாம். இடைத்தரகர் வேண்டுவதில்லை. எத்தியோப்பிய விமானக் கழகம் 2019-ஆம் ஆண்டில் பெங்களூருக்கும், 2022-இல் சென்னைக்கும் விமானம் விடத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். தலைநகராகிய அடிஸ் அபாபா கடல்மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டருக்கும் உயர்ந்தது. நம் உதகமண்டலத்தினும் சற்று மேலானது. ஆதலின் கம்பளிச் சட்டை இன்றியமையாதது. முதல் நாள் படியேறும்போது மூச்சு வாங்கும். அஞ்சற்க, ஓய்ந்திருந்தால் சரியாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழைக் காலம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை செல்வதே சிறப்பு.

கடிகார விஷயத்தில் மிக்க எச்சரிக்கை வேண்டும். இந்தியாவைக் காட்டிலும் அந்நாடு இரண்டரை மணி நேரம் பின் தங்கியது என்பதோடு செய்தி முடிந்துவிடவில்லை. அந்நாட்டு மக்கள் பொழுது விடிந்ததிலிருந்தே மணியை எண்ணுகின்றனர். நாம் காலை 7 மணி என்பதை அவர்கள் 1 மணி என்பர். நம் 9 மணி அவர்கட்கு 3 மணி. மாலையில் பொழுது சாய்ந்ததும் மீண்டும் ஒன்று, இரண்டு எனத் தொடங்குவர். இதனைக் கேட்டு நகைப்பதற்கில்லை. நம் முன்னோரும் உதயாதி நாழிகை என்று ஞாயிறு எழுந்தது தொட்டே எண்ணினர் அல்லரோ? பேருந்துக்காரர் “மூன்று மணி” என்றால், “காலையா, உங்கள் மணியா, வெளிநாட்டு மணியா?” எனக் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். விமானச் சீட்டில் மட்டும் உலக வழக்கே இருக்கும். இருப்புப்பாதை அலுவலில் இருபத்துநான்கு மணிக் கணக்கோடு பழகிய எமக்கே முதலிரு நாள் தலை சுற்றியது.

நாட்காட்டியும் வேறானதே. ஆண்டுக்கு 13 திங்கள். முப்பது நாள் கொண்டவை பன்னிரண்டு; ஐந்து அல்லது ஆறு நாள் கொண்ட குறுந்திங்கள் ஒன்று. செப்டம்பர் 11 அல்லது 12-இல் அவர்கட்குப் புத்தாண்டு பிறக்கின்றது. நம் ஆங்கிலக் கணக்கிற்கு ஏழெட்டு ஆண்டு பின்னே நிற்கும் கணக்கு அது. 2007-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அவர்கள் 2000-ஆம் ஆண்டின் பிறப்பைக் கொண்டாடினர். விடுதிச் சீட்டிலோ ரசீதிலோ உள்ள தேதி எக்கணக்கைச் சேர்ந்தது எனக் கேட்டறிதல் வேண்டும்.

பணம் ‘பிர்’ எனப்படும். இந்திய ரூபாயை அங்கு மாற்றுதல் அரிது. அமெரிக்க டாலர் கையிருப்பாகக் கொண்டு செல்க, வங்கியிலேயே மாற்றுக. தெருவில் கூடுதல் விலை தருவதாகச் சொல்வோரிடம் செல்லாதீர். நாடு விட்டு வந்த பின் பிர்ருக்கு மதிப்பில்லை. எனவே சிறிது சிறிதாக மாற்றுதலே அறிவுடைமை. மெர்க்காத்தோ என்னும் பெருஞ்சந்தைக்குச் செல்வோர் பணப்பையில் கண் வைக்க வேண்டும். அரசு அலுவலகங்கள், பாலங்கள், படைவீரர் ஆகியோரைப் படம் பிடித்தல் கூடாது.

மரக்கறி உணவினர்க்கு அந்நாடு ஒரு வரம். எத்தியோப்பியத் திருச்சபையைச் சார்ந்தோர் புதன், வெள்ளி ஆகிய நாட்களிலும், உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன் 55 நாட்களும் ஊன், பால், நெய் அனைத்தையும் விலக்கி நோன்பிருப்பர். உணவு விடுதியில் ‘ட்ஸோம்’ என்று சொன்னால் போதும், நோன்புணவு வரும். சிலர் நோன்பில் மீன் உண்பர். ஆகவே அதனையும் வேண்டாமெனச் சொல்லிவிடுக. ‘தெஃப்’ என்னும் நுண்ணிய தானியத்தின் மாவைப் புளிக்க வைத்துப் பெரிய தோசை போல் வார்ப்பதே ‘இஞ்செரா’. அதன் மேல் பருப்பு, கீரை, கோசு முதலியவற்றைப் பரப்பித் தருவர். அதனைக் கண்ட அத்தை, “எந்த ஊருக்குப் போனாலும் மாவு புளித்தால்தான் சோறு போலிருக்கிறதடா, தம்பி!” என்றார்.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியாவே. அங்கிருந்து ஏமன் நாடு சென்று, பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியாரால் சிக்கமகளூர் மலைக்கு வந்ததாக நம் கருநாடகத்தில் வழங்கும் வரலாற்றை அன்பர்கள் அறிவர். அங்குள்ள இல்லங்களில் விருந்தினர் முன்னிலையிலேயே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மட்கலத்தில் காய்ச்சி, மூன்று முறை வழங்குவர். முதற் கோப்பையோடு எழுந்துவிடுதல் மரியாதையன்று. ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு அமருங்கள்.

அத்தான் பணிபுரியும் ஊர் டிரே தாவா. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபுட்டி செல்லும் மின்சாரப் புகைவண்டியில் அங்குச் சென்றோம். இப்பாதை 2016-இல் திறக்கப்பெற்று, 2018-இல் முறையான போக்குவரத்திற்கு வந்தது. நிலையம் நகருக்கு வெளியே உள்ளது. வண்டி நாள்தோறும் உண்டென எண்ணிவிடாது, முன்னாளே சென்று விசாரித்துச் சீட்டுப் பெறுக. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். டிரே தாவா 1902-இல் இருப்புப்பாதையால் பிறந்த ஊர். பழைய பிரெஞ்சுப் பாதை 1917-இல் தலைநகரை எட்டியது. அதன் அகலம் ஒரு மீட்டர். முன்னாளில் நம் பெங்களூர்-மைசூர் வண்டி ஓடிய அதே அகலம். ஓட்டம் நின்றுபோன அப்பழைய பாதையைக் கண்டபோது, நம் துறையின் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது. அருகிலுள்ள ஹரார், மதில் சூழ்ந்த பழம்பதி. தக்காணத்தில் முகலாயரை எதிர்த்து நின்று 1626-இல் மறைந்த மாலிக் அம்பர், எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு நம் நாடு வந்தவரே.

அத்தான் குடியிருக்கும் வீட்டின் அம்மையார் எம்மை உணவுக்கு அழைத்தார். ஒரே தட்டைச் சுற்றி அனைவரும் அமர்ந்துண்பது அவர்கள் வழக்கம். அன்பு மிக்கவர்க்குத் தம் கையால் ஒரு கவளம் ஊட்டுவர். அதற்குக் ‘குர்ஷா’ என்று பெயர். எச்சில், பத்து என்று வாழ்நாளெல்லாம் பார்த்து வந்த அத்தையின் முன் அவ்வம்மையாரின் கை நீண்டது. அத்தை ஒரு கணம் தயங்கினார். அப்போது அத்தான், “சென்ற ஆண்டு காய்ச்சலில் கிடந்தபோது எட்டு நாள் எனக்குக் கஞ்சி கொடுத்தவர் இவர்தான், அம்மா. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று எழுதவில்லை” என்றார். அத்தை வாய் திறந்து அக்கவளத்தை ஏற்றார். பின்னர் தாமும் ஒரு கவளம் உருட்டி அவ்வம்மையார்க்கு ஊட்டினார். இருவர்க்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அன்றிரவுதான் அத்தை நன்றாக உறங்கினார்.

இனி, பாதுகாப்பைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். 2020 முதல் 2022 வரை வடக்கே திக்ரே பகுதியில் கடும்போர் நடந்தது. 2023 முதல் அம்ஹாரா பகுதியில் பூசல் மூண்டது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தமைத்த 11 தேவாலயங்கள் உள்ள லாலிபெலா அப்பகுதியில்தான் இருக்கின்றது. நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் கண்டு வியந்தவர் எவரும் அதனைக் காண விழைவர். நாமும் விழைந்தோம், எனினும் அத்தையை எண்ணிச் செல்லவில்லை. செல்வோர், இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே வழியை முடிவு செய்க. ஐயமான பகுதிகளில் சாலைப் பயணம் வேண்டா. எங்கும் இரவில் சாலையிற் செல்லற்க. சென்றடைந்ததும் நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள்.

அம்ஹாரிய மொழியில் வணக்கத்திற்கு ‘ஸெலாம்’, நன்றிக்கு ‘அமெஸெகினாலெஹு’. இவ்விரண்டையும் கற்றுச் சென்றால் முகங்கள் மலரும். அவர்தம் எழுத்தும் நம் உயிர்மெய் போன்றே, ஒவ்வொரு மெய்க்கும் ஏழு உயிர் வடிவம் கொண்டது; ஆர்வமுள்ள பிள்ளைகள் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே சில எழுத்துகளைக் கற்றுவிடுவர்.

பிழைப்பிற்காகப் பிறந்த ஊரை விட்டு இந்நகரில் வாழும் நாம், நம் பிள்ளைகள் நம்மினும் தொலைவில் வாழ்வதைக் காண்கின்றோம். அவர்கள் இருக்கும் இடத்தை ஒருமுறையேனும் நேரில் கண்டுவிட்டால் வீட்டிலிருப்போர் அச்சத்தில் பாதி நீங்கும். அவ்வாறு புறப்பட எண்ணும் அன்பர்கள், ஊசிக்குரிய நாளை இன்றே குறித்துக்கொள்க.