மாநாட்டுக்குப் போகும் முன்பே மனிதர்களைத் தேடுவோம்



1973ஆம் ஆண்டு திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. அதன்பின் காயல்பட்டினம் (1978), கொழும்பு (1979), கீழக்கரை (1990), கோலாலம்பூர் (2011) என்று பல ஊர்களிலும் நாடுகளிலும் இத்தகைய மாநாடுகள் நடந்திருக்கின்றன. அறிவிப்பு வெளியானதும் ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் எழுத்தார்வம் உள்ளவர்களுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. பேராளராகப் பதிவு செய்ய வேண்டும், ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், பெரிய எழுத்தாளர்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பலர் எப்படித் திரும்பி வருகிறார்கள்? பின்வரிசையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டார்கள். மாநாட்டு மலர் வாங்கினார்கள். மேடையில் இருந்தவரோடு ஒரு செல்ஃபி எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது. குறை அவர்களுடைய திறமையில் இல்லை. இரண்டு மூன்று நாள் கூட்டத்தில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்து, நம்மை விளக்கி, நம் எழுத்தை அவர் படிக்கும்படி செய்வது நடக்கிற காரியம் அல்ல. அந்த வேலையை ஊரில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

சீறா அரங்கேறிய வழி

இது புதிய யோசனை அல்ல. நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையே இதற்குச் சாட்சி. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். புலவரோ எட்டயபுரத்துக்காரர். தமிழில் வல்லவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கைச் செய்திகளுக்கான மூலங்கள் அரபியில் இருந்தன. மரபாகச் சொல்லப்பட்டு வரும் வரலாற்றின்படி, வள்ளல் சீதக்காதி அவரைக் கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் அனுப்பினார். முதலில் அங்கே தயக்கம் இருந்தது. பிறகு அப்பா அவர்களின் வழிகாட்டுதலில் பரங்கிப்பேட்டையில் இருந்த அவர்களுடைய மாணவர் லெப்பை அலி ஹாஜியாரிடம் புலவர் சென்று, செய்திகளைக் கேட்டறிந்தார். சீதக்காதியின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளித்தார். அந்த ஊரிலேயே நூல் அரங்கேறியது என்பர். புலவர் அந்த மரைக்காயரை நூலுக்குள்ளேயே பல இடங்களில் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

அந்தக் காலத்து அரங்கேற்றம்தான் இந்தக் காலத்து இலக்கிய மாநாடு. அறிஞர்கள் நடுவே ஒருவர் தம் எழுத்தை எடுத்து வைக்கும் இடம் அது. அந்த நாளுக்கு முன்பு எத்தனை உறவுகள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். அறிமுகம் செய்துவைத்தவர் ஒருவர், அறிவைத் தந்தவர் ஒருவர், ஆதரவு தந்தவர் ஒருவர். இவர்கள் இல்லாமல் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியம் நமக்குக் கிடைத்திருக்குமா?

அண்மைக் காலத்திலும் இதே பாடம்தான். 1964 ஜனவரியில் டெல்லியில் உலகக் கீழைத்தேயவியல் அறிஞர்கள் மாநாடு நடந்தது. அங்கே கூடிய தமிழ் ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாகத் தனிநாயகம் அடிகளார் முன்நின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. இது டெல்லியில் சில நாள்களில் முளைத்த உறவு அல்ல. 1952 முதல் அவர் நடத்திய ஆங்கில ஆய்விதழும், நாடு நாடாகப் போய் அறிஞர்களைச் சந்தித்த பயணங்களும் அதற்கு முன்பே நிலத்தை உழுது வைத்திருந்தன.

ஜாபிர் (ரலி) அவர்களிடம் இரண்டு பாடங்கள்

அறிவுக்காகப் பயணம் செய்வதை மார்க்கம் உயர்வாகப் பேசுகிறது. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரைப் பார்க்கப் போகிறோம், எதைக் கேட்கப் போகிறோம் என்ற இரண்டும் புறப்படும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

இரண்டாவது பாடம், அதே ஜாபிர் (ரலி) அறிவிக்கும் புகாரீ ஹதீஸில் உள்ளது. அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டது. பெயரைச் சொல்லாமல் "நான்" என்று மட்டும் பதில் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. முன்பின் தெரியாத எழுத்தாளருக்குப் பெயரும் ஊரும் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் "ஹாய் சார்" என்று அனுப்புகிற நமக்கு இதைவிடத் தெளிவான ஒழுக்கப் பாடம் வேறு வேண்டுமா?

செய்ய வேண்டியவை

1. முதலில் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். லால்பேட்டையில் 1862 முதல் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் நூலகமும் இருக்கின்றன. அரபி தெரிந்த ஓர் ஆலிமையும் தமிழ் இலக்கியம் படித்த ஒரு பேராசிரியரையும் மாநாட்டுக்கு முன் சந்தித்து, உங்கள் கட்டுரையைக் காட்டுங்கள். பிழைகள் ஊரிலேயே திருந்திவிடும். வெளியூர் அறிஞர்களுக்கு உங்களை அறிமுகம் செய்யவும் அவர்களால் முடியும்.

2. அழைப்பிதழையும் அமர்வுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நூறு பேரைப் பார்க்க நினைக்காதீர்கள். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான மூன்று பேர் போதும்.

3. அவர்களுடைய ஒரு நூலையாவது படித்துவிட்டுத் தொடர்பு கொள்ளுங்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேசப் போகிறவர், பேராசிரியர் எம்.எம்.உவைஸ், பி.மு.அஜ்மல்கான் ஆகியோரின் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதிகளைப் புரட்டாமல் போவது சரியல்ல. இவர்களில் ஒருவர் இலங்கைக்காரர், மற்றவர் தமிழ்நாட்டுக்காரர். கடல் கடந்த உறவு தந்த பெரும் பயன் அந்த நூல் வரிசை.

4. கடிதமோ மின்னஞ்சலோ சுருக்கமாக இருக்கட்டும். ஸலாம், பெயர், ஊர், அவருடைய எந்த நூலைப் படித்தீர்கள், உங்கள் ஒரே கேள்வி. உதாரணமாக: "அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸ்ரீமுஷ்ணத்தைச் சேர்ந்த இன்னார். முனாஜாத்துப் பாடல்கள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீட்டில் அரபுத் தமிழில் எழுதிய பழைய ஏடு ஒன்று இருக்கிறது. மாநாட்டில் அதன் படங்களைத் தங்களிடம் காட்டப் பத்து நிமிடம் கிடைக்குமா?" இவ்வளவு போதும். முதல் கடிதத்திலேயே 200 பக்க நாவலை அனுப்பி முன்னுரை கேட்காதீர்கள்.

5. பதில் வராவிட்டால் வருந்த வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போனால் மூன்று முறை அனுமதி கேட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது மார்க்கம் கற்றுத்தந்த முறை. செய்திக்கும் அதையே கடைப்பிடிக்கலாம். எண் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தினமும் ஃபார்வர்டு அனுப்புவது உறவை வளர்க்காது.

6. கேட்பதற்கு மட்டும் போகாதீர்கள். கொடுக்கவும் ஏதாவது கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வரலாறு, பாட்டிமார்கள் பாடும் தாலாட்டு, பழைய நூலின் படங்கள் என்று நம் ஊர்களில் இருப்பதைப் பற்றி வெளியூர் அறிஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

பெண் எழுத்தாளர்களுக்கு

எழுதும் சகோதரிகளுக்கு இந்த முன்தொடர்பு இன்னும் அதிகம் உதவும். தங்குமிடம், தொழுகை இடம், உடன் வரும் மஹ்ரமுக்கான ஏற்பாடு ஆகியவற்றை அமைப்பாளர்களிடம் முன்பே எழுதிக் கேட்கலாம். பெண் பேராளர்கள் யார் யார் வருகிறார்கள் என்று அறிந்து, முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்து போகும். நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் 'காதலா கடமையா' நாவல் 1938இலேயே உ.வே.சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது.

ஏன் இவ்வளவு அக்கறை?

இது தனிமனிதர் ஒருவர் பிரபலமாகும் வழி பற்றிய பேச்சு அல்ல. நம் பகுதியில் பழைய குடும்பத்து அலமாரிகளில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகளும் பழைய அச்சுப் புத்தகங்களும் இருக்கக்கூடும். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். வீடு இடித்துக் கட்டும்போது அவை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உங்களுக்குத் தொடர்பு இருந்தால் அந்த ஏடு பிழைக்கும். அசலை மாநாட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். பகல் வெளிச்சத்தில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கையின் நூலகம் நிறுவனம் போன்றவை பழைய நூல்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கின்றன. அத்தகைய இடங்களுக்கு வழிகாட்டக்கூடியவர்களும் மாநாடுகளில்தான் கிடைப்பார்கள்.

மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அதே வசனம் மேன்மைக்கு அளவுகோல் இறையச்சமே என்றும் தெளிவாக்கிவிடுகிறது. எனவே பெரியவர்களைத் தேடிப் போகும்போது நிய்யத்தைச் சரிசெய்துகொள்வோம். மேடைக்காக அல்ல, அறிவுக்காகவும் சமுதாயத்தின் எழுத்துச் செல்வத்துக்காகவும் போகிறோம் என்ற எண்ணம் இருக்கட்டும். அடுத்த மாநாட்டின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் கடிதத்தை இந்த வாரமே எழுதலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் எழுத்துகளையும் உறவுகளையும் பயனுள்ளவையாக ஆக்கி, அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.