பூஜா லீவு முடிந்து வந்தால் கார் ஸ்டார்ட் ஆகலையா? பானெட்டைத் திறந்து பாருங்க

துர்கா பூஜை லீவுக்கு பாலிகஞ்சில் இருந்து சென்னைக்கோ மதுரைக்கோ கிளம்புகிறீர்கள். பத்து நாள் கழித்து வந்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் விளக்கு எரிகிறது, வண்டி உதறுகிறது. பானெட்டைத் திறந்தால் கடித்த ஒயர், கிழிந்த துணி, எலிப்புழுக்கை. இப்போது என்ன செய்வது?

முதலில், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தோல் உரிந்த ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட் சர்க்யூட் ஆகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எலி ஏன் காரைத் தேடி வருகிறது? அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால், உலர்ந்த, இருட்டான இன்ஜின் அறை அதற்கு ரெடிமேட் வீடு. ஷெட்டில் சும்மா நிற்கும் புல்வெட்டும் வண்டிக்கும் இதே கதிதான். அதில் இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறி மூடிக்குள் கூடு கட்டிவிட்டால், காற்றோட்டம் அடைபட்டு இன்ஜினே சூடேறிக் கெட்டுப்போகும்.

பெருச்சாளி கொல்கத்தாவின் பழைய குடித்தனக்காரர். அதில் ஒரு வகையின் அறிவியல் பெயரிலேயே 'பெங்காலென்சிஸ்' இருக்கிறது. பாலிகஞ்சை ஒட்டிய டாக்குரியா மேம்பாலத்தின் அடிமண்ணையே எலிகள் குடைந்ததாகச் செய்திகள் வந்தன. பாலத்துக்கே அந்த நிலை என்றால் ஃபிளாட் பார்க்கிங்கில் நிற்கும் ஹேட்ச்பேக் எம்மாத்திரம்!

சோயா கலந்த ஒயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் 2016-ல் ஹோண்டா, டொயோட்டா மீது வழக்குகள் போட்டார்கள். ஆனால் சோயா வருவதற்கு முன்பே எலிகள் ஒயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தன. பழியை சோயா மீது மட்டும் போட முடியாது.

இனி பணம். தயாரிப்பாளர் வாரண்டியில் எலிக்கடி பொதுவாக வராது. தேர்டு பார்ட்டி பாலிசியும் உதவாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பல நிறுவனங்கள் தருகின்றன, உங்கள் பாலிசி வாசகத்தை ஒருமுறை பாருங்கள். ரிப்பேருக்கு முன்பே தகவல் சொல்லி சர்வேயர் பார்க்க வேண்டும்.

ஆனால் கிளெய்ம் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள் (ஜீரோ டெப் இருந்தால் தப்பிக்கலாம்). அதைவிட முக்கியம் நோ கிளெய்ம் போனஸ். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய், உங்கள் போனஸ் 50% என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் பில்லுக்கு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் 6,000 ரூபாய் தள்ளுபடி போச்சு. மறுபடி 50%-க்கு ஏற ஐந்து வருடம் ஆகும். சின்ன பில்லைக் கையிலிருந்து கட்டுவதே லாபம். முழு ஹார்னெஸ் மாற்றச் சொன்னால் கணக்கு வேறு. அப்போது தயங்காமல் கிளெய்ம் போடுங்கள்.

கூட்டை வெறும் கையால் அள்ளவோ, உலர்வாகக் கூட்டவோ வேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, கூட்டின் மேல் பிளீச்சிங் கரைசல் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். கரைசல் ஒயர் கனெக்டர்களில் படக்கூடாது.

விஷம் வைக்கலாமா? காருக்குள் வேண்டவே வேண்டாம். ஏசி குழாய்க்குள் எலி செத்தால் அந்த நாற்றத்தோடுதான் ஆபீஸ் போகணும். வீட்டுக்குள்ளும் ஜாக்கிரதை: 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலிமருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் வாசனை இருக்கும்வரைதான். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை ஹோண்டாவே விற்கிறது, ஒயரில் சுற்றலாம். காருக்குள் பிஸ்கட் துணுக்கு விடாதீர்கள், குப்பைத்தொட்டி பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள்.