மூன்றில் மூச்சில்லை, நான்கில் புயல்

"மாமா, எங்கட ஸ்கூல் வானுக்கு வருத்தம்!"

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. தரம் 8 இல் படிக்கும் என் மருமகள் புத்தகப்பையைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னாள்.

"என்ன வருத்தம்?"

"காத்து ஊதுற விசிறி ஒண்டு, ரெண்டு, மூண்டில அசையுதே இல்ல. நாலில வைச்சா மட்டும் புயல் மாதிரி அடிக்குது. வாற கிழமை நுவரெலியா போறம். மலையில கண்ணாடி புகார் மூடினா ஹீற்றர் போடவேணுமாம். வான் அங்கிள் யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்."

பிள்ளைகளே, இந்த ஒரு விசிறிக்குள் எத்தனை அறிவியல் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போமா?

கொழும்பு வானுக்கு ஹீற்றர் எதற்கு?

நம் வீதிகளில் ஓடும் வான்களில் ஏராளமானவை ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. அங்கும் இங்கும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகவே போகின்றன. அதனால் இரு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலம் கடுமையானது. அந்தக் குளிருக்காகப் பொருத்திய ஹீற்றர் வானோடு சேர்ந்தே இங்கு வந்துவிடுகிறது. வியர்த்துக் கொட்டும் கொழும்பில் அதற்கு வேலையில்லை. மலைநாடு போனால்தான் அதன் அருமை தெரியும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கொழும்பில் 27 பாகை செல்சியஸ் என்றால் நுவரெலியாவில் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பாகைக்குக் கிட்ட வரும்.

வெளியே குளிர், உள்ளே பதினைந்து பிள்ளைகளின் மூச்சு. மூச்சில் நீராவி இருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் அது நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நெக்டோ போத்தலின் வெளிப்புறம் நனைகிறதே, அதே சங்கதிதான். கண்ணாடி மங்கினால் சாரதிக்கு வளைவு தெரியாது. கண்ணாடிமேல் சூடான காற்றை ஊதினால் துளிகள் மறுபடி ஆவியாகிவிடும். ஆகவே மலைப்பாதையில் ஹீற்றர் சுகத்துக்கான பொருள் அல்ல, பாதுகாப்புக்கான பொருள்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சில்லுகளைச் சுழற்றப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகிவிடும். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 90 பாகையில் கொதிக்காமல் ஓடுகிறது. அந்த நீரில் கொஞ்சத்தை டாஷ்போட்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றருக்கு அனுப்பி, அதன்மேல் காற்றை ஊதினால் அதுதான் ஹீற்றர். வீணாகப் போக இருந்த வெப்பம் நமக்கு உதவுகிறது. ஏசி போட்டாலும் முன்பக்கத்தில் காற்றைத் தள்ளுவது இதே விசிறிதான்.

பாஸ் கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை வானோடு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்னக் கராஜ். அங்கே வாகன மின்வேலை பார்க்கும் பாஸ் வயதானவர். மருமகள் நடந்ததைச் சொன்னதும் அவர் திருப்புளியைத் தொடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"எது வேலை செய்யலன்னு எல்லாரும் சொல்றாங்க. எது வேலை செய்யுது? அதச் சொல்லுங்க பிள்ளை."

"நாலாம் நம்பர் வேலை செய்யுது."

"அப்ப யாரெல்லாம் குற்றவாளி இல்ல?"

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். நான்கில் விசிறி சுழல்கிறது என்றால் பட்டரியில் மின் இருக்கிறது. உருகி எரியவில்லை. மோட்டர் சாகவில்லை. மோட்டருக்குப் போகும் பெரிய வயர் அறவில்லை. ஒரே பதிலில் நான்கு பேர் விடுதலை! மிஞ்சியவர்கள் இருவர்: வேகத்தை மாற்றும் ஆளி, அல்லது அதற்கும் மோட்டருக்கும் நடுவில் இருக்கும் தடையி.

தடையி என்ன செய்கிறது?

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் காலி வீதியைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரிடத்தில் வழி குறுகினால் அந்த இடத்தில் மட்டுமா வாகனங்கள் மெதுவாகின்றன? பின்னால் வரும் முழு வரிசையும் மெதுவாகிறது. மின்சுற்றிலும் அப்படித்தான். ஓரிடத்தில் தடையை வைத்தால் சுற்று முழுவதும் மின்னோட்டம் குறைந்துவிடும்.

அந்த வானின் தடையித் தட்டில் மூன்று கம்பிச் சுருள்கள் வரிசையாக இருந்தன. ஒன்றாம் நம்பரில் மின் மூன்று சுருளையும் கடந்து மோட்டருக்குப் போகும். விசிறி மெல்லச் சுழலும். இரண்டில் இரு சுருள். மூன்றில் ஒரு சுருள். நான்கில் ஒரு சுருளும் இல்லை, நேரே மோட்டருக்கு! அதனால்தான் தடையி எரிந்தாலும் நான்கு பிழைத்துக்கொள்கிறது.

"ஒண்டு மட்டும் வேலை செய்யாட்டி?" என்றாள் மருமகள்.

"அப்ப ஒண்டுக்கு மட்டும் உரிய சுருள் அறுந்திருக்கும். இங்க மூணுமே போயிருச்சு. மூணுக்கும் பொதுவான ஒண்ணுதான் போயிருக்கணும்."

பாஸ் பட்டரி வயரைக் கழற்றினார். டாஷ்போட்டுக்குக் கீழே கைவிட்டு, இரண்டு திருகாணியை எடுத்து, உள்ளங்கையளவு தட்டு ஒன்றை வெளியே இழுத்தார். மல்டிமீற்றரை வைத்ததும் விடை வந்தது. சுருள்கள் மூன்றும் நலம். அவற்றுக்குப் பொதுவாக இருந்த சின்ன வெப்ப உருகி அறுந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடேறினால் தானே அறுந்து, தீப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. தன் வேலையை அது சரியாகச் செய்திருக்கிறது!

தடையி ஏன் சூடாகிறது?

மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். 1827 இல் இதை நூலாக வெளியிட்டவர் ஜோர்ஜ் ஓம், ஜேர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்று 1841 இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். அப்போது அவருக்கு 22 வயதுதான்.

நம் வானுக்கு ஒரு கணக்குப் போடுவோம். சுழலும் மோட்டர் கொஞ்சம் சிக்கலானது. கணக்கு எளிதாக இருக்க அதையும் ஒரு தடையாகவே எண்ணிக்கொள்வோம். பட்டரி 12 வோல்ற்று. நான்காம் வேகத்தில் 10 அம்பியர் ஓடுகிறது என்றால் மோட்டரின் தடை 1.2 ஓம். இதோடு இன்னொரு 1.2 ஓம் சேர்த்தால் மொத்தம் 2.4 ஓம்; மின்னோட்டம் 5 அம்பியராகக் குறையும். இப்போது தடையியில் பிறக்கும் வெப்பம்: 5 × 5 × 1.2 = 30 வாற்று. ஈயம் உருக்கும் சின்ன சோல்டரிங் அயனின் சூட்டுக்கு அது சமம்!

இவ்வளவு சூட்டை எப்படித் தாங்குகிறது? தடையியை விசிறியின் காற்று வரும் வழியிலேயே பொருத்தியிருக்கிறார்கள். விசிறியை மெதுவாக்குவது தடையி. தடையியைக் குளிர்விப்பது அதே விசிறி. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்படியென்றால் அந்த வெப்ப உருகி ஏன் அறுந்தது? பாஸ் இந்தக் கேள்விக்கும் விடை தேடினார். விசிறியைக் கழற்றினார். அதன் இதழ்களுக்கிடையில் காய்ந்த மாவிலைகளும் தூசியும்! மாமரத்தின் கீழ் நிறுத்தும் வான் அது. காற்று உள்ளே போகும் வழியால் இலைகளும் போயிருக்கின்றன. இலை உரசியதால் மோட்டர் சிரமப்பட்டுக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. தடையியைக் குளிர்விக்க வேண்டிய காற்றும் குறைந்துபோனது. சூடு கூடிற்று, குளிர்ச்சி குறைந்தது, உருகி அறுந்தது.

"தட்டை மட்டும் மாத்தியிருந்தா ஒரு மாசத்தில திரும்ப வந்திருப்பீங்க" என்றார். உருகிக்குப் பதிலாக வெறும் வயரை முறுக்கி இணைப்பவர்களும் உண்டாம். அது காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது, தீப்பிடிக்கலாம். பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றிலிருந்து புதிய தட்டு வந்தது. விசிறியைச் சுத்தமாக்கிப் பூட்டினார். ஒன்றில் வைத்தோம். மெல்லிய காற்று வந்து மருமகளின் நெற்றி மயிரை அசைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

தேவையானவை: 1.5 வோல்ற்று உலர்கலம் இரண்டு, உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து எடுத்த சிறு மோட்டர், மூன்று வயர், ஒரு 2B பென்சில்.

பெரியவர் ஒருவரின் உதவியோடு பென்சிலை நீளவாக்கில் பிளந்து கரிக்குச்சி வெளியே தெரியச் செய்யுங்கள். கலங்கள், மோட்டர், கரிக்குச்சி மூன்றையும் ஒரே வரிசையில் இணையுங்கள். குச்சியைத் தொடும் இரு வயர் முனைகளுக்கும் இடையில் நீளம் கூடினால் மோட்டர் தளர்கிறதா? குறைந்தால் விரைகிறதா? உங்கள் கையில் இருப்பதும் வானின் தடையித் தட்டுத்தான். சில விநாடிகளுக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று; அதிலோ வாகன பட்டரியிலோ இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

நுவரெலியாப் பயணம் நன்றாகவே முடிந்தது. றம்பொடைக்கு மேலே புகார் இறங்கியபோது வான் அங்கிள் ஹீற்றரை இரண்டில் வைத்தாராம், கண்ணாடி தெளிந்ததாம்.

அதற்கு மறுநாள் இரவு எங்கள் வீட்டு அறையில் விளக்கு அணைந்துவிட்டது. "கறண்ட் போட்டுது" என்று பாட்டி மெழுகுதிரி தேடினார். மருமகள் இருட்டில் நின்று மேலே பார்த்தாள்.

"இல்லப் பாட்டி. விசிறி சுத்துது. பல்ப்தான் போட்டுது."