தஞ்சாவூரில் மீன் சாப்பிட, முதலில் காலண்டர்

ஒரு மே மாதம் தஞ்சாவூரில் வஞ்சிரம் வறுவல் கேட்டேன். "இன்னிக்கு வந்தது சார்" என்றார்கள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, ஐஸில் பல நாள் கிடந்த மீன்.

தப்பு என் மேலும்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்ய விடும் ஏற்பாடு. நாட்டுப்படகுகள் மட்டும் போகும். வரத்து குறைவு, விலை அதிகம்.

தஞ்சாவூருக்குக் கடல் ஏது என்கிறீர்களா? மாவட்டத்தின் தெற்கு ஓரம் கடல்தான். பட்டுக்கோட்டை தாண்டினால் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம். தடை இல்லாத மாதங்களில் அந்தப் பக்கம் போய், அன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். நண்டும் இறாலும் கேட்க மறக்காதீங்க.

கோடையில் வந்தால்? டெல்டாவில் குளம் வற்றி மீன் பிடிக்கிற காலம் அதுதான். விறால், கெளுத்தி, கெண்டை. விறாலுக்குப் புளி கரைத்து, மாங்காய் போட்டு வைத்த குழம்பு. அதுவும் முதல் நாள் வைத்தது என்றால் இன்னும் விசேஷம்.

மீன் வேண்டாதவர்களுக்குக் காலண்டர் தேவையில்லை. கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது), பிறகு டிகிரி காபி. திருவையாற்றில் பாசிப்பருப்பில் கிளறிய அசோகா.

இப்போதெல்லாம் கடையில் "ஃப்ரெஷ்ஷா?" என்று நான் கேட்பதில்லை. "எந்த ஊர் மீன்?" என்றுதான் கேட்கிறேன். பதில் சட்டென்று வந்தால் உட்காரலாம்.